'எய்ன்ட்': அகராதியில் இருந்தும் திட்டு வாங்கும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலப் பாட்டு கேட்பவர்கள், ஹாலிவுட் படம் பார்ப்பவர்கள், வெளிநாட்டு ஆட்களோடு ஆன்லைனில் கேம் ஆடுபவர்கள், இவர்கள் எல்லார் காதிலும் அடிக்கடி விழுகிற ஒரு சொல் 'எய்ன்ட்' (ain't). பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். இலக்கணப் புத்தகத்தில் 'இஸ் நாட்' சுருங்கினால் 'இஸன்ட்', 'ஆர் நாட்' சுருங்கினால் 'ஆரன்ட்', 'ஹேவ் நாட்' சுருங்கினால் 'ஹேவன்ட்' என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் இது இருக்காது. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் கோடிக்கணக்கான பேர் தினமும் பேசுகிற சொல் இது, முந்நூறு வருடத்துக்கும் மேலான வரலாறும் இதற்கு உண்டு. என்ன பொருள், எங்கிருந்து வந்தது, நாம் எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தக் கூடாது, ஏன் இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் மாறுகிறது என்று ஒன்று ஒன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பொருள். 'எய்ன்ட்' ஒரு எதிர்மறைச் சொல். ஆம் நாட், இஸ் நாட், ஆர் நாட், ஹேவ் நாட், ஹேஸ் நாட் என்ற ஐந்துக்கும் இது ஒன்றே போதும். 'ஐ எய்ன்ட் ரெடி' என்றால் நான் தயாராக இல்லை. 'ஷீ எய்ன்ட் ஹியர்' என்றால் அவள் இங்கே இல்லை. 'தே எய்ன்ட் கமிங்' என்றால் அவர்கள் வரப்போவதில்லை. 'ஐ எய்ன்ட் ஸீன் ஹிம்' என்றால் நான் அவனை இதுவரை பார்க்கவில்லை. உச்சரிக்கும்போது கடைசி 'ட்' பல நேரம் காதில் விழாது, 'எய்ன்' என்று மட்டும் கேட்கும். பேச்சு வேகமாகப் போகும்போது அந்த ஒற்றை 'எய்ன்'னைத் தவறவிட்டால் வாக்கியத்தின் பொருளே தலைகீழாகப் போய்விடும், அதனால் பேச ஆரம்பிக்கும் முன் இதைக் காதால் பிடிக்கப் பழகுவதுதான் முக்கியம்.

ஐந்தில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். 'இங்' என்று முடியும் வினைச்சொல்லோ, ஆளின் நிலையைச் சொல்லும் சொல்லோ, இடத்தைச் சொல்லும் சொல்லோ வந்தால் அது ஆம், இஸ், ஆர் கூட்டத்தைச் சேர்ந்தது. ஸீன், டன், பீன், ஈட்டன் மாதிரி வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் வந்தால் அது ஹேவ், ஹேஸ் கூட்டம். 'ஹீ எய்ன்ட் ஈட்டிங்' என்றால் அவன் சாப்பிட்டுக்கொண்டு இல்லை, 'ஹீ எய்ன்ட் ஈட்டன்' என்றால் அவன் இன்னும் சாப்பிடவில்லை. 'ஐ எய்ன்ட் காட் டைம்' என்பதில் இருப்பது 'ஹேவன்ட் காட்', அதாவது என்னிடம் நேரம் இல்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் நீங்கள் கேட்கும் வாக்கியங்களில் பெரும்பாலானவை புரிந்துவிடும்.

தமிழ் பேசுகிற நமக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதும் அல்ல. பழைய இலக்கணப்படி யான் அல்லேன், நீ அல்லை, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல என்று ஆளுக்கு ஒரு வடிவம். இன்று மேடையில்கூட 'அல்லேன்' என்று யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் 'அல்ல' அல்லது 'இல்லை' என்று ஒரே சொல்லாகிவிட்டது. நான் டாக்டர் இல்லை, நீங்கள் டாக்டர் இல்லை, அவர்கள் டாக்டர் இல்லை. 'எய்ன்ட்' ஆங்கிலத்தில் செய்திருப்பதும் இதே வேலைதான். தமிழில் இந்தச் சுருக்கத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள், ஆங்கிலத்தில் அதையே பேசியவர்களைப் படிக்காதவர்கள் என்றார்கள். அதனால் இதைச் சோம்பேறிகளின் சொல் என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எதற்கு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். எல்லா 'இல்லை'க்கும் 'எய்ன்ட்' போட முடியாது. 'எனக்குக் காபி பிடிக்காது' என்பதற்கு 'ஐ டோன்ட் லைக் காபி' என்றுதான் சொல்வார்கள், 'ஐ எய்ன்ட் லைக் காபி' என்றால் தாய்மொழிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் காதில் அது உறுத்தும். வரமாட்டேன் என்பதற்கு 'வோன்ட்', முடியாது என்பதற்கு 'கான்ட்', இந்த இடங்களிலும் 'எய்ன்ட்' நுழையாது. அதாவது வாய்க்கு வந்தபடி போடுகிற சொல் அல்ல இது, எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று கறாரான கணக்கு இருக்கிறது. அதைப் பேசும் சமூகத்தில் பிறந்த நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தக் கணக்கு தெரியும், வெளியிலிருந்து வரும் நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, இது எங்கிருந்து வந்தது?

17ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இங்கிலாந்தின் நாடக மேடைகளில் 'ஆன்ட்' என்ற ஒரு சுருக்கம் கேட்க ஆரம்பிக்கிறது. 'ஆம் நாட்' சுருங்கினால் முதலில் 'ஆம்ன்ட்' என்று வர வேண்டும், ஆனால் 'ம்', 'ன்' இரண்டும் அடுத்தடுத்து வருவது வாய்க்குச் சிரமம், அதனால் 'ம்' விழுந்து 'ஆன்ட்' ஆனது. அதே சமயத்தில் 'ஆர் நாட்' சுருங்கியபோது நடுவில் இருந்த 'ர்' மெலிந்து அதுவும் 'ஆன்ட்' என்றே வந்து நின்றது. இரண்டு வெவ்வேறு சொற்றொடர்கள் ஒரே ஒலியில் முடிந்துவிட்டன, பிறகு 'இஸ் நாட்' என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. தனி வழியாக 'ஹேவ் நாட்', 'ஹேஸ் நாட்' சுருங்கி 'ஹெய்ன்ட்' என்று ஒரு வடிவம் இருந்தது, பேச்சில் அதன் முதல் 'ஹ' உதிர்ந்ததும் 'எய்ன்ட்'. பழைய 'ஆன்ட்'டும் பலர் பேச்சில் 'எய்ன்ட்' என்று மாறியது. 18ஆம் நூற்றாண்டில் 'எய்ன்ட்' என்ற எழுத்து வடிவம் அச்சில் வந்துவிட்டது, 19ஆம் நூற்றாண்டில் இந்த ஓடைகள் எல்லாம் ஒரே சொல்லில் கலந்துவிட்டன. ஆக, ஒரு சொல்லுக்கு ஐந்து பொருள் இருப்பது பேசுபவர்களின் கவனக்குறைவால் வந்த குழப்பம் அல்ல, ஒலி மாறிய வழியைப் பின்தொடர்ந்து போனால் ஒவ்வொரு படியும் தெளிவாகத் தெரிகிறது.

ஆரம்பத்தில் இது ஏழைகளின் சொல்லாகவும் இல்லை. நாடகத்தில் நாகரிகமான பாத்திரங்கள் பேசினார்கள், எழுத்தாளர்கள் சொந்தக் கடிதங்களில் எழுதினார்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் பத்திரிகையில் ஆங்கிலத்தைக் குறைத்தும் ஒடித்தும் பேசுகிறார்கள் என்று கடுமையாகக் குறைபட்டுக்கொண்டவர், அதே காலத்தில் டப்ளினில் இருந்த தோழிக்கு எழுதிய கடிதங்களில் 'ஆன்ட்' என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் ஜோசஃப் அடிசனும் 'கான்ட்', 'ஷான்ட்', 'வோன்ட்' எல்லாம் காதைக் குத்துகின்றன என்று எழுதினார். இதைக் கவனியுங்கள்: அன்று கண்டிக்கப்பட்ட 'கான்ட்', 'வோன்ட்' இரண்டையும் இன்று எந்த ஆசிரியரும் திருத்துவதில்லை. இத்தனைக்கும் 'வில் நாட்' சுருங்கி 'வோன்ட்' எப்படி ஆகும்? 'வில்' என்பதற்கு முன்பு ஆங்கிலத்தில் 'வோல்' என்று ஒரு வடிவம் இருந்தது, அதிலிருந்து வந்தது அது. மூலச்சொல்லோடு பார்த்தால் 'வோன்ட்' எவ்வளவு கோணலோ அவ்வளவுதான் 'எய்ன்ட்'டும் கோணல். ஒன்றை மன்னித்துவிட்டார்கள், இன்னொன்றை மன்னிக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டில் இலக்கணப் புத்தகங்களும் பள்ளிக்கூடங்களும் பெருகியபோது நடுத்தர வர்க்கத்துக்குச் 'சரியான ஆங்கிலம்' ஓர் அடையாளமாக மாறியது. நாவல்களில் லண்டன் கூலித் தொழிலாளி, வேலைக்காரி, வண்டிக்காரன் வாயில் 'எய்ன்ட்' நிறைய வந்தது, வாசகர்களும் அதை அந்த வர்க்கத்தோடு சேர்த்தே நினைக்கப் பழகினார்கள். ஆனால் இங்கிலாந்தின் பிரபுக் குடும்பங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் வீட்டுப் பேச்சில் கூச்சமில்லாமல் 'எய்ன்ட்' என்று பேசிக்கொண்டுதான் இருந்தன. மேலே இருப்பவனுக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, கீழே இருப்பவனுக்கு அதற்கு வாய்ப்பே தரப்படவில்லை, நடுவில் இருந்தவர்கள்தான் பயந்து பயந்து அந்தச் சொல்லை விட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கையான மிச்சம் இருக்கிறது, ஆங்கிலம் கற்கும் எல்லாரும் ஒரு நாள் அதில் முட்டிக்கொள்வார்கள். 'நான் சரிதானே?' என்பதற்கு 'ஐம் ரைட், ஆரன்ட் ஐ?' என்கிறார்கள். 'ஐ'க்கு எப்படி 'ஆர்' வரும்? 'ஐ ஆர்' என்று யாருமே சொல்வதில்லையே. பதில் அந்தப் பழைய 'ஆன்ட்'டில் இருக்கிறது. 'ஆம் நாட்' சுருங்கிய 'ஆன்ட்' தென் இங்கிலாந்தில் நீண்ட 'ஆ'வோடு பேச்சில் தங்கிவிட்டது. அங்கே உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ர்' உச்சரிக்கப்படாது என்பதால் அது காதுக்கு 'ஆரன்ட்' மாதிரியே இருந்தது, எழுதும்போதும் அப்படியே எழுதிவிட்டார்கள். அப்புறம் அந்த எழுத்தைப் பார்த்து 'ர்' உச்சரிக்கும் அமெரிக்கர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். ஆக 'ஆரன்ட் ஐ' என்பதும் 'எய்ன்ட் ஐ' என்பதும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், மூத்ததற்கு நல்ல சட்டை போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'ஆம்ன்ட் ஐ' என்று அந்த முதல் வடிவத்தையே இன்றும் பேசுகிறார்கள்.

அகராதிச் சண்டை

'எய்ன்ட் என்று ஒரு சொல்லே கிடையாது, அகராதியிலேயே இல்லை' என்று அமெரிக்கப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் அகராதிகளில் அது வெகு காலமாக இருக்கிறது. மெரியம் நிறுவனத்தின் 1934 பெரிய அகராதியிலும் இருந்தது, பக்கத்தில் வட்டார வழக்கு அல்லது கல்லாதவர் வழக்கு என்ற முத்திரையோடு. 1961இல் அதே நிறுவனம் ஃபிலிப் கோவ் என்பவரின் பொறுப்பில் வெப்ஸ்டர் அகராதியின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அதில் இந்தச் சொல்லுக்கு எழுதியிருந்த குறிப்பு சாராம்சத்தில் இப்படி: பலர் இதை ஏற்பதில்லை, குறைவாகப் படித்தவர்கள் பேச்சில்தான் அதிகம், ஆனாலும் அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் பண்பட்ட பலரும், முக்கியமாக 'எய்ன்ட் ஐ' என்ற தொடரில், பேச்சில் இதைப் பயன்படுத்துகிறார்கள். 'ஹேவ் நாட்' பொருளில் வருவதை அந்த அகராதியும் தரக்குறைவானது என்றே குறித்திருந்தது.

இவ்வளவுதான் விஷயம். இதற்கு எழுந்த கூச்சலை இன்று படித்தால் நம்பவே கஷ்டமாக இருக்கும். நான்கரை லட்சம் சொற்கள் கொண்ட அகராதி, அதில் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலமே அழிந்துவிட்டது என்கிற மாதிரி பத்திரிகைகள் எழுதின. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதிக் கண்டித்தது. அமெரிக்கன் ஹெரிட்டேஜ் பதிப்பகத்தின் தலைவர் ஜேம்ஸ் பார்ட்டன், மெரியம் நிறுவனத்தையே வாங்கி அந்த அகராதியை நிறுத்திவிட முயன்றார், முடியவில்லை. பிறகு அவர்கள் தனியாக ஓர் அகராதியைத் தயாரித்து 1969இல் வெளியிட்டார்கள், எது நல்ல ஆங்கிலம் என்று கருத்துச் சொல்ல ஒரு குழுவையே அதற்காக வைத்தார்கள். அகராதி என்பது மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டுமா, எப்படிப் பேச வேண்டும் என்று கட்டளையிட வேண்டுமா என்ற கேள்விதான் அந்தச் சண்டையின் உள்ளே இருந்தது. நான் கோவ் பக்கம். ஒரு சொல்லை யார் பேசுகிறார்கள், எந்தச் சூழலில், கேட்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டால் வாசகன் தானே முடிவு செய்துகொள்வான்.

இரண்டு 'இல்லை' சேர்ந்தால்

'எய்ன்ட்' வரும் வாக்கியங்களில் இன்னொரு 'நோ' கூடவே வருவதைக் கவனித்திருப்பீர்கள். 'ஐ எய்ன்ட் காட் நோ மணி'. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் இரண்டு எதிர்மறை சேர்ந்தால் நேர்மறை, அப்படியென்றால் இவனிடம் பணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை, அவனிடம் பணம் இல்லை, கொஞ்சமும் இல்லை. தமிழில் 'ஆசை இல்லாமல் இல்லை' என்றால் ஆசை இருக்கிறது என்று பொருள், நம் காது அப்படிப் பழகியது, அதனால் இங்கே நமக்குத் தடுக்கும். ஆனால் எல்லா மொழியும் அப்படி வேலை செய்வதில்லை. ஸ்பானிஷில் எதிர்மறையை இரண்டு இடத்தில் சொல்வதுதான் சரியான இலக்கணம். ஆங்கிலத்திலும் 14ஆம் நூற்றாண்டில் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில் அடுக்கடுக்காக எதிர்மறை போடுவது சாதாரணம். இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்ற விதியை 18ஆம் நூற்றாண்டில் ராபர்ட் லோத் என்ற பிஷப் தன் இலக்கண நூலில் எழுதினார், பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. எழுத்து ஆங்கிலம் அந்த வழியில் போய்விட்டது, பேச்சு ஆங்கிலத்தில் பெரும்பகுதி பழைய வழியிலேயே நின்றது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்தில் இந்த அடுக்கு எதிர்மறை மிக நுட்பமாக வளர்ந்திருக்கிறது. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி இளைஞர்களின் பேச்சை 1960களில் பதிவு செய்து ஆராய்ந்தவர். அவர் எடுத்துக்காட்டிப் புகழ்பெற்ற வாக்கியம் ஒன்று: 'இட் எய்ன்ட் நோ கேட் கான்ட் கெட் இன் நோ கூப்'. புறாக் கூண்டைப் பற்றிய பேச்சு அது. நான்கு எதிர்மறை வருகிறது, பொருளோ ஒன்றுதான்: எந்தப் பூனையாலும் எந்தக் கூண்டுக்குள்ளும் நுழைய முடியாது. அதே ஆங்கிலத்தில் 'எய்ன்ட் நோபடி ஸீன் ஹிம்' என்று எதிர்மறையை முன்னால் தூக்கிப் போட்டும் சொல்வார்கள், அது கேள்வி இல்லை, அவனை ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அழுத்திச் சொல்வது. இவை எல்லாம் தப்பும் தவறுமான ஆங்கிலம் இல்லை, வேறு விதிகள் உள்ள ஆங்கிலம் என்று லபோவும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் திரும்பத் திரும்ப நிறுவியிருக்கிறார்கள்.

அந்த ஆங்கிலத்தில் 'எய்ன்ட்'டுக்கு ஆறாவதாக ஒரு வேலையும் உண்டு. 'டிடன்ட்' என்பதற்குப் பதிலாகவும் அது வரும். 'ஐ எய்ன்ட் ஸே தட்' என்றால் நான் அப்படிச் சொல்லவில்லை. முன்னால் சொன்னேனே, பின்னால் வருவதைப் பாருங்கள் என்று, இங்கே வினைச்சொல்லின் முதல் வடிவம் வருகிறது, அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். வெள்ளை அமெரிக்கர்கள் பேச்சில் இந்தப் பயன்பாடு பொதுவாகக் கிடையாது. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட இந்த மாதிரி வாக்கியங்களைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரிய விஷயம். ஃபிலடெல்ஃபியாவில் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்கள் 27 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. 95 சதவீதத் துல்லியத்துக்குச் சான்றிதழ் வாங்கிய அவர்கள், கறுப்பின மக்களின் பேச்சை எழுதியபோது சராசரியாக ஐந்து வாக்கியங்களில் இரண்டில் பிழை செய்தார்கள். சாட்சி சொன்னது ஒன்று, பதிவேட்டில் ஏறுவது இன்னொன்று. ஒரு சிறு எதிர்மறைச் சொல் தவறினால் ஒருவரின் வாக்குமூலம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினப் பெண் சோஜர்னர் ட்ரூத் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1851இல் ஒஹையோ மாநிலம் ஆக்ரனில் நடந்த பெண்கள் உரிமை மாநாட்டில் அவர் பேசியதாக உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் வரி 'எய்ன்ட் ஐ எ வுமன்', அதாவது நான் பெண் இல்லையா. ஆனால் பேச்சு நடந்து சில வாரங்களில் மேரியஸ் ராபின்சன் பத்திரிகையில் வெளியிட்ட பதிவில் அந்த வரியே இல்லை. 12 வருடம் கழித்து 1863இல், அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சஸ் கேஜ் எழுதி வெளியிட்ட வடிவத்தில்தான் அது முதலில் வருகிறது, அதிலும் 'ஆர்ன்ட் ஐ' என்று. கேஜ் மொத்தப் பேச்சையும் தென்மாநில அடிமைகள் பேசுவதாக அன்றைய வாசகர்கள் நினைத்துக்கொண்டிருந்த பாணியில் எழுதினார். சோஜர்னர் ட்ரூத் தென்மாநிலத்துக்காரர் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் டச்சு மொழி பேசிய குடும்பத்திடம் அடிமையாகப் பிறந்தவர், அவருடைய முதல் மொழியே டச்சு. பிற்காலப் பதிப்புகளில் அந்த வரி மெல்ல மாறி 'எய்ன்ட்' ஆகிவிட்டது. அந்த வரியில் இருக்கும் வலு உண்மையானது, அதைச் சொல்லிக்கொண்டு பல தலைமுறைப் பெண்கள் போராடியிருக்கிறார்கள், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒரு கறுப்பினப் பெண் என்றால் இப்படித்தான் பேசியிருப்பார் என்று வேறொருவர் முடிவு செய்து அந்தச் சொல்லை வாயில் வைத்தார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

படித்தவர்களும் பேசும் இடங்கள்

கோட்டு சூட்டு போட்டவர்கள் கூச்சமில்லாமல் 'எய்ன்ட்' சொல்லும் சில தொடர்கள் இருக்கின்றன. 'இஃப் இட் எய்ன்ட் ப்ரோக், டோன்ட் ஃபிக்ஸ் இட்', ஓடிக்கொண்டிருப்பதை நோண்டாதே என்று பொருள். இதை 1977இல் பரப்பியவர் ஜிம்மி கார்ட்டர் அரசில் பட்ஜெட் இலாகாவைப் பார்த்துக்கொண்ட பெர்ட் லான்ஸ். இன்று ஐ.டி. கம்பெனி மீட்டிங்குகளில் இது சர்வசாதாரணம். 'ஸே இட் எய்ன்ட் ஸோ' என்பது கெட்ட செய்தி கேட்டதும் அப்படி இல்லை என்று சொல்லுங்களேன் என்று மனம் உடைந்து கேட்பது. சிகாகோ பேஸ்பால் அணி 1919இல் பணம் வாங்கிக்கொண்டு தோற்றது அம்பலமானபோது ஜோ ஜாக்சன் என்ற ஆட்டக்காரரைப் பார்த்து ஒரு சிறுவன் இப்படிக் கேட்டதாக ஒரு கதை உண்டு. ஜாக்சன் பிற்காலத்தில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றார், தொடர் மட்டும் நிலைத்துவிட்டது. 'யூ எய்ன்ட் ஸீன் நத்திங் யெட்', இதுவரை பார்த்தது ஒன்றுமே இல்லை இனிமேல்தான் இருக்கிறது என்று 1984 தேர்தலில் ரொனால்ட் ரீகன் மேடை மேடையாகச் சொன்னார். இலக்கணப்படி திருத்தி 'யூ ஹேவன்ட் ஸீன் எனிதிங் யெட்' என்று சொல்லிப் பாருங்கள், சவால் போய் வெறும் தகவலாகிவிடும். சாதாரண ஆங்கிலத்துக்கு நடுவில் இந்த ஒரு சொல்லை வைத்ததும், நான் எழுதி வைத்துப் படிக்கவில்லை, மனதில் இருப்பதைச் சொல்கிறேன் என்ற தொனி வந்துவிடுகிறது, அதற்காகத்தான் அரசியல்வாதிகளும் விளம்பரக்காரர்களும் இதைத் தேடிப் போகிறார்கள்.

பிரிட்டனில் இன்னொரு பயன்பாடு இருக்கிறது, தெரியாவிட்டால் நேர் எதிராகப் புரியும். 'இட் எய்ன்ட் ஹாஃப் கோல்ட்' என்றால் பாதிக் குளிர்கூட இல்லை என்று அர்த்தமில்லை, குளிர் தாங்க முடியவில்லை என்று அர்த்தம். பாதியோடு நிற்கவில்லை, முழுசாகவே இருக்கிறது என்கிற போக்கில் வந்தது. லண்டன் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

நாம் பேசலாமா? நண்பர்களோடு சாட்டில், மேலே சொன்ன உறைந்துபோன தொடர்களில் தாராளமாக. ஐஎல்ட்ஸ் எழுத்துத் தேர்வில், வேலைக்கு விண்ணப்பிக்கும் மெயிலில், கல்லூரிக் கட்டுரையில், விசா நேர்காணலில் வேண்டாம். அது தப்பான சொல் என்பதால் சொல்லவில்லை, எதிரில் இருப்பவர் உங்களை எடைபோடும் இடம் அது, இந்தச் சொல்லுக்கு எதிரான பழைய எண்ணம் இன்னும் போகவில்லை, அந்தச் சுமையை நீங்கள் ஏன் தூக்க வேண்டும்? இன்னொன்றும் உண்டு. நாம் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் முழு வாக்கியமும் விறைப்பாக இருக்க, நடுவில் ஒரு 'எய்ன்ட்' மட்டும் வந்தால் அது ஒட்டாது. அதைவிட முக்கியம், ராப் பாடல்களில் கேட்ட வாக்கியங்களை அப்படியே எடுத்துக் கறுப்பின அமெரிக்கர்களிடமே பேசிக் காட்டாதீர்கள். நட்பாக நினைத்துச் செய்தாலும் கேட்பவருக்கு அது கிண்டலாகத் தெரியலாம், அந்தப் பேச்சுக்காகவே அவர்கள் பள்ளியிலும் வேலையிலும் பட்டிருக்கும் அவமானம் கொஞ்சமல்ல.

கடைசியாக, தமிழில் சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் 'எய்ன்ட்' பேசும் பாத்திரத்தை என்ன தமிழில் பேச வைப்பது? பலர் செய்வது உடனே ஒரு கிராமத்துத் தமிழை, அல்லது வடசென்னைத் தமிழை அந்த வாயில் வைப்பது. அதில் எனக்குத் தயக்கம் அதிகம். அலபாமாவில் இருக்கும் ஒரு பெரியவருக்கு மதுரையோ ராயபுரமோ வந்து ஒட்டிக்கொள்ளும், கூடவே நம்மூரில் அந்தப் பேச்சுக்கு இருக்கும் சாதி, வர்க்க வாசனைகளும் ஒட்டிக்கொள்ளும், அவை எதுவும் மூலத்தில் இல்லாதவை. அதற்காக 'நான் அதனைக் கண்டதில்லை' என்று செந்தமிழாக்கினால் ஆளே காணாமல் போய்விடுவார். எந்த ஊர் என்று சொல்ல முடியாத பொதுவான பேச்சுத் தமிழ் நம்மிடம் இருக்கிறது, 'நான் பாக்கல', 'அவன் இங்க இல்ல', 'எங்கிட்ட காசே இல்ல' என்று எல்லா மாவட்டத்திலும் புரிகிற தமிழ். 'எய்ன்ட் காட் நோ மணி'யின் அந்த இரட்டை எதிர்மறைக்குக்கூட 'காசே' என்பதில் இருக்கும் 'ஏ' போதும், அழுத்தம் அப்படியே வந்துவிடும்.